வெட்டினும் தளிர்க்கும்: மோந்தே காசினோ மடத்தின் வரலாறும் நாள்வாழ்வும்

பத்தாண்டுகளாகக் கூடிவரும் ஓர் இலக்கிய வட்டத்தின் மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று கேட்கப்பட்டபொழுது, ஓர் அமைப்பு எதனால் நிலைபெறுகிறது என்னும் வினாவே என் உள்ளத்தில் முதலில் எழுந்தது. செல்வத்தால் என்பர் சிலர். தலைவரின் ஆற்றலால் என்பர் வேறு சிலர். இவ்விரண்டும் பெற்றிருந்தும் சுவடின்றி மறைந்த அமைப்புகள் உலக வரலாற்றில் எண்ணில. நான்கு முறை தரைமட்டமாகியும், ஏறத்தாழ 1500 ஆண்டுகளாகப் பெயர் மாறாது வாழ்ந்துவரும் ஒரு மடத்தின் வரலாறு அவ்வினாவிற்கு விடை கூறக்கூடும். உரோமை நகருக்கும் நேப்பிள்ஸ் நகருக்கும் இடையே, காசினோ என்னும் ஊரை நோக்கியவாறு குன்றின்மேல் நிற்கும் மோந்தே காசினோ மடமே அது. பெனடிக்டின் சபைக்குத் தாய்மடம் என்பது அதன் சமயப் பெருமை. பழைய இலத்தீன் இலக்கியத்தின் அரிய நூல்கள் சில இன்று நம் கையில் இருப்பதற்கு அம்மடத்தாரின் கையெழுத்தே காரணம் என்பது அதன் இலக்கியப் பெருமை. பின்னதே நம் போன்றோர் அம்மடத்தை நினைத்தற்கு உரிய காரணம்.

தோற்றம்

இத்தாலியின் நூர்சியா என்னும் ஊரில் கி.பி. 480ஐ ஒட்டிப் பிறந்தவர் பெனடிக்ட். தமிழகக் கத்தோலிக்கர் ஆசீர்வாதப்பர் என அழைப்பது இவரையே. கல்வி கற்க உரோமை சென்ற இளைஞர், அந்நகரின் ஒழுகலாறு கண்டு வெறுப்புற்று வெளியேறினார். சுபியாக்கோ என்னும் இடத்தில் ஒரு குகையில் மூன்றாண்டு தனித்திருந்தார். பின்னர்த் தம்மைத் தலைவராக்கிக்கொண்ட துறவியரே அவருடைய கண்டிப்பைப் பொறாது இரசத்தில் நஞ்சு கலந்தனர் என்றும், அதிலிருந்து அவர் தப்பினார் என்றும் அவர் வரலாறு கூறுகிறது. அவ்வரலாற்றை எழுதியவர் பெரிய கிரகோரி என்னும் திருத்தந்தை. பெனடிக்ட் மறைந்து ஏறத்தாழ ஐம்பதாண்டு கழித்து எழுதப்பட்ட அந்நூலில் அற்புதங்கள் மிகுதி. எனினும் அவரைப் பற்றிய செய்திகளுக்கு நமக்குள்ள முதன்மைச் சான்று அதுவே.

529ஆம் ஆண்டை ஒட்டி அவர் காசினோக் குன்றை அடைந்தார். அங்கு அப்பல்லோவின் பழங்கோயிலும் அதைச் சூழ்ந்த சோலையும் இருந்தன. நாட்டுப்புற மக்கள் அங்கு வழிபட்டு வந்தனர். சோலையை வெட்டி, கோயில் இருந்த இடத்தில் தம் வழிபாட்டிடத்தை அவர் அமைத்தார். பின்னாளில் தானே பலமுறை இடிபட்ட மடத்தின் முதற்செயல், இன்னொரு சமயத்தின் வழிபாட்டிடத்தை அழித்ததாக இருந்தது என்பதை மறைத்துவிட்டு அதன் பெருமையை மட்டும் பேசுதல் நேர்மையாகாது. ஏதென்சில் பிளேட்டோவின் வழிவந்த கல்விக்கழகம் மூடப்பட்டதும் அதே 529ஆம் ஆண்டு என்பர். பழமை ஒன்று முடிந்த ஆண்டில், அப்பழமையின் ஏடுகளைப் பின்னாளில் காக்கவிருந்த இல்லம் ஒன்று பிறந்தது என்று இதனைக் கொள்ளலாம்.

விதிநூல் வகுத்த நாள்

மடத்தின் உண்மையான அடித்தளம் கல்லன்று. பெனடிக்ட் இயற்றிய விதிநூலே. ஒரு முன்னுரையும் 73 சிறு இயல்களும் கொண்ட அந்நூலை ஓரிரு மணிப்பொழுதில் படித்துவிடலாம். இறையியல் நுட்பங்கள் அதில் குறைவு. எப்பொழுது எழுவது, எப்பொழுது பாடுவது, எவ்வளவு உண்பது, எங்கு உறங்குவது என்பனவே அதில் மிகுதி.

இரவின் எட்டாம் மணிப்பொழுதில், அதாவது ஏறத்தாழ இரண்டு மணிக்கு, குளிர்காலத்தில் துறவியர் எழுவர். உடுத்த உடையோடும் கட்டிய கச்சையோடும் உறங்கவேண்டும். அழைப்புக் கேட்டதும் காலந்தாழ்த்தாது எழுதற்கே இவ்விதி. உறக்கத்தில் காயம் பட்டுவிடாதவாறு இடையில் செருகிய கத்தியை மட்டும் கழற்றி வைக்கவேண்டும். உறங்கும் கூடத்தில் விடியும்வரை ஒரு விளக்கு எரியவேண்டும். இரவு வழிபாடு ஒன்று, பகல் வழிபாடுகள் ஏழு என நாள் பகுக்கப்பட்டது. வழிபாட்டின் உயிர் திருப்பாடல்கள். 150 திருப்பாடல்களையும் வாரந்தோறும் பாடி முடிக்கவேண்டும். நள்ளிரவில் எழுவோர் சற்றுத் தாமதிப்பர் என்பதறிந்து, முதற்பாடலை மெல்ல இழுத்துப் பாடுமாறு விதிநூல் கூறுகிறது. பிந்தி வருவோரும் வந்து சேரட்டும் என்பதே நோக்கம். கண்டிப்பினூடே இத்தகைய கனிவை இந்நூலில் பல இடங்களிற் காணலாம்.

சோம்பலை ஆன்மாவின் பகையாகக் கருதிய பெனடிக்ட், வழிபாட்டு நேரம் போக எஞ்சிய பொழுதை உடலுழைப்பிற்கும் நூலோதலுக்கும் பகிர்ந்தளித்தார். கோடையில் காலைப்பொழுது உழைப்பிற்கு உரியது. அதன்பின் நண்பகல் வரை ஏறத்தாழ இரண்டு மணிப்பொழுது நூலோதலுக்கு உரியது. நண்பகல் உணவிற்குப்பின் படுத்து ஓய்வெடுக்கலாம். படிக்க விரும்புவோர் பிறர்க்கு இடையூறின்றிப் படிக்கவேண்டும். தனியே படிப்போரும் வாய்விட்டே படித்தனர் என்பது இவ்விதியால் நமக்குப் புலனாகிறது. ஓதல் என்னும் சொல்லாட்சி அவர்களுக்கும் முற்றும் பொருந்தும்.

தவக்காலத் தொடக்கத்தில் ஒவ்வொருவருக்கும் நூலகத்திலிருந்து ஒரு நூல் வழங்கப்படும். முதலிலிருந்து இறுதிவரை ஒழுங்காக அதனைப் படிக்கவேண்டும். படிக்கும் நேரத்தில் மூத்தோர் ஒருவரோ இருவரோ மடத்தைச் சுற்றி வருவர். நூலை மூடிவைத்துவிட்டு வீண்பேச்சில் ஈடுபட்டோரைக் கண்டால் கண்டிப்பர். மாணவர்க்கு இலக்கியம் பயிற்றும் தொழிலிலிருக்கும் எனக்கு, இவ்விதியைப் படிக்குந்தோறும் முறுவல் அரும்புவதுண்டு.

உணவுக்கூடமும் எழுத்தாணியும்

உணவுக்கூடத்தில் பேச்சில்லை. வேண்டுவனவற்றைக் குறிப்பாற் கேட்டுப் பெறவேண்டும். உண்போர் செவிக்கு ஒருவர் நூல் வாசிப்பார். அவர் வாரந்தோறும் மாறுவார். கேட்போர் உள்ளத்தைத் தொடும்படி படிக்கவல்லவரையே இதற்கு அமர்த்தவேண்டும். வாசிப்பவருக்குப் பசி தாங்காது என்பதால், தொடங்குமுன் சிறிது இரசம் தரப்படும். சமைத்த உணவு இருவகை. ஒன்றை உண்ண இயலாதவர் மற்றதை உண்ணலாம் என்பது காரணம். நாளொன்றுக்கு ஒரு நிறை அப்பம், ஓர் அளவு திராட்சை இரசம். துறவியர்க்கு இரசமே ஆகாது என்று முன்னோர் கூறியிருப்பினும், தம் காலத்தவரை அதற்கு இணங்கச் செய்ய இயலாது என்று ஒப்புக்கொண்டு அளவை வகுக்கிறார் பெனடிக்ட். மனிதரை உள்ளவாறே அறிந்த ஒருவரின் நூல் இது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

தனியுடைமை எவருக்கும் இல்லை. ஏடாயினும் எழுத்தாணியாயினும் தன்னுடையது என்று கூறலாகாது. ஆனால் ஒவ்வொருவருக்கும் மடம் தரவேண்டிய பொருள்களின் பட்டியலில், உடையும் காலணியும் கத்தியும் ஊசியும் கைக்குட்டையும் இருப்பதோடு, எழுத்தாணியும் எழுதுபலகையும் இடம்பெறுகின்றன. உண்ணவும் உடுக்கவும் வேண்டுவது போலவே எழுதவும் வேண்டும் என்று எண்ணிய இவ்வொரு வரியில்தான் பின்னாளைய எழுத்துக்கூடத்தின் வித்து இருக்கிறது எனலாம்.

பண்டசாலைக் காப்பாளர் அங்குள்ள கலங்களையெல்லாம் திருப்பீடத்துக் கலங்களைப் போல் போற்றவேண்டும். பெரிய செய்திகளை முடிவு செய்யுமுன் மடத்தலைவர் அனைவரையும் கூட்டி, இளையோர் கருத்தையும் கேட்கவேண்டும். நல்லதை இறைவன் இளையோர் வாயிலாகவே பலபொழுது உணர்த்துகிறான் என்பது பெனடிக்ட் காட்டும் காரணம்.

இத்தகைய விதிநூலார்க்குப் பாடம் கற்பித்தவர் அவர்தம் தங்கையார் என்பது சுவையான செய்தி. ஸ்கொலாஸ்திக்கா என்னும் அவ்வம்மையார் ஆண்டுக்கு ஒருமுறை குன்றின் கீழே ஓர் இல்லத்தில் அண்ணனைக் கண்டு உரையாடுவார். ஒருமுறை, இரவு முழுதும் பேசிக்கொண்டிருப்போம் என்று வேண்டினார். மடத்திற்கு வெளியே தங்கலாகாது என்று பெனடிக்ட் மறுத்தார். அம்மையார் தலைகுனிந்து மன்றாட, தெளிந்திருந்த வானம் இடித்துப் பெருமழை கொட்டியது. அண்ணன் அசைய இயலாது தங்கினார். மூன்றாம் நாள் தங்கை உயிர் நீத்தார். மிகுதியாக அன்பு செய்தவர் ஆதலின் தங்கையின் மன்றாட்டே வென்றது என்று முடிக்கிறார் கிரகோரி. விதியினும் பெரியதொன்று உண்டு என்பதை விதி செய்தவரின் வரலாற்றிலேயே வைத்தனர் அவர்வழி வந்தோர். இருவர் உடலும் ஒரே கல்லறையில் வைக்கப்பட்டன என்பது மரபு.

இரு அழிவுகளும் ஒரு படியும்

பெனடிக்ட் 547ஐ ஒட்டி மறைந்தார். முப்பது ஆண்டுகள் கழிந்ததும் லொம்பார்டியர் படையெடுத்து மடத்தை அழித்தனர். துறவியர் உயிர் தப்பி உரோமை சென்றனர். ஓடும்பொழுது அவர்கள் எடுத்துச் சென்றவை யாவை? விதிநூலின் ஏடு, வேறு சில எழுத்துகள், அப்பத்தை நிறுக்கும் எடைக்கல், இரசத்தை அளக்கும் அளவைக்கலம். பொன்னையும் வெள்ளியையும் பற்றிய பேச்சே அங்கில்லை. நாள்வாழ்வின் அளவுகோல்கள் கையிலிருந்தால் மடத்தை எங்கும் மீண்டும் எழுப்பலாம் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

இச்செய்தியை நமக்குக் கூறுபவர் பவுல் தியாக்கோனுஸ். 718ஐ ஒட்டிப் பெத்ரோனாக்ஸ் என்பவர் மடத்தை மீண்டும் நிறுவியபின், அங்குத் துறவியாக வாழ்ந்தவர் அவர், பிறப்பால் லொம்பார்டியர். எவ்வினத்தார் அம்மடத்தை அழித்தனரோ, அவ்வினத்தின் வரலாற்றை அவ்வினத்தார் ஒருவரே அம்மடத்தில் அமர்ந்து எழுதினார். வரலாற்றில் இத்தகைய ஈடுசெய்தல் அரிது.

883இல் சாரசேனியர் மடத்தைத் தீக்கிரையாக்கினர். மடத்தலைவரும் கவிஞருமான பெர்த்தாரியுஸ் கொல்லப்பட்டார். எஞ்சியோர் தெயானோ என்னும் ஊரில் அடைக்கலம் புகுந்தனர். பெனடிக்டின் கையெழுத்து என்று போற்றப்பட்ட விதிநூல் ஏடும் உடன் சென்றது. 896இல் அங்கு நேர்ந்த தீவிபத்தில் அவ்வேடு சாம்பலாயிற்று.

அத்துடன் அந்நூலின் மூலவடிவம் மறைந்திருக்க வேண்டும், மறையவில்லை. அதற்கு நூறாண்டுகட்கு முன்பே, காசினோவிற்கு வந்து சென்ற சார்லமேன் பேரரசர் ஒரு படி வேண்டும் என்று கேட்டுப் பெற்றிருந்தார். அப்படியைப் பார்த்து ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய இன்னொரு படி சுவிட்சர்லாந்தின் புனித கால் மடத்து நூலகத்தில் இன்றும் உள்ளது. கையெழுத்தேடு எரிந்தது, கேட்டவருக்கு மறுக்காது கொடுத்த படி வாழ்ந்தது. பூட்டிவைத்துக் காத்தது அழிய, பகிர்ந்து கொடுத்தது நிலைத்தது என்னும் இவ்வுண்மையே இம்மடத்தின் வரலாறு எனக்குக் கற்பித்த முதற்பாடம்.

எழுத்துக்கூடத்தின் கொடை

பத்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் துறவியர் குன்றிற்குத் திரும்பினர். இழந்த நிலங்களை மீட்க வழக்குகள் நடந்தன. 960ஆம் ஆண்டு காபுவா நகரில் நடந்த ஒரு வழக்கில், நிலம் முப்பதாண்டுகளாக மடத்தின் வசம் இருந்தது என்று சான்றோர் உரைத்தனர். ஆவணம் இலத்தீனில் இருப்பினும், அவர்தம் கூற்று மட்டும் அவர்கள் பேசிய மொழியிலேயே பதியப்பட்டது. இத்தாலிய மொழிக்குக் கிட்டிய மிகப் பழைய ஆவணச் சான்றாக அறிஞர் அதனைப் போற்றுவர். தாந்தே பிறப்பதற்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகட்கு முன், மக்கள் மொழி ஏடேறியது கவிதைக்காக அன்று; வயலுக்காக.

மடத்தின் பொற்காலம் 1058 முதல் 1087 வரை தலைவராயிருந்த தெசிதேரியுஸ் காலம். கான்ஸ்டான்டிநோப்பிளிலிருந்து கலைஞரை வருவித்து அவர் எழுப்பிய பேராலயம் 1071இல் திருநிலைப்படுத்தப்பட்டது. அவர் படியெடுக்கச் செய்த நூல்களின் பட்டியலை மடத்து வரலாற்று நூல் தருகிறது. சமய நூல்களோடு வர்ஜில், ஹோரஸ், தெரன்ஸ் ஆகியோர் படைப்புகளும் ஓவிட் இயற்றிய நூலொன்றும் அதில் இடம்பெறுகின்றன. வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்து அங்குத் துறவியான கான்ஸ்டன்டைன், அரபு மருத்துவ நூல்களை இலத்தீனில் பெயர்த்ததும் இக்காலத்தேயாம். முன்பு மடத்தை எரித்தோரின் மொழியிலிருந்தே நோய் தீர்க்கும் கல்வி அதே மடத்திற்குள் வந்தது.

தோலைப் பதப்படுத்தி, கோடிட்டு, இறகு முனையால் எழுத்து எழுத்தாக எழுதிய பணி அது. பெனவெந்தான் என்னும் தனி எழுத்துமுறை இங்குச் செழித்தது. கோடுகள் ஒடிந்து ஒடிந்து செல்லும் தோற்றத்தால் அதனை எளிதில் இனங்காணலாம். அவ்வெழுத்தில் பதினோராம் நூற்றாண்டில் எழுதிய ஓர் ஏட்டில்தான் உரோமை வரலாற்றாசிரியர் தாசிதுஸ் இயற்றிய 'ஆண்டு நூலின்' 11 முதல் 16 வரையிலான பகுதிகளும், 'வரலாறுகள்' என்னும் நூலின் எஞ்சிய பகுதியும் உயிர் பிழைத்தன. நீரோ காலத்தில் உரோமை எரிந்த காட்சியை அவர் தீட்டியது அவ்வொரே ஏட்டின் வழியாகவே நமக்குக் கிடைத்தது. வர்ரோ இயற்றிய இலத்தீன் மொழி பற்றிய இலக்கண நூலும் இவ்வாறே காசினோவில் எழுதிய ஓர் ஏட்டால் வாழ்கிறது. 25 பகுதிகளுள் 5 முதல் 10 வரை மட்டுமே எஞ்சின. சொல்லின் பிறப்பை ஆராய்ந்த ஒரு பேரறிஞரின் உழைப்பில் நான்கில் ஒரு பங்கிற்கும் குறைவானதே மிஞ்சிற்று. அதுவும், பெயர் அறியப்படாத ஒருவர் குளிரில் கை விறைக்க எழுதியிராவிடின் இல்லையாகியிருக்கும்.

கதவற்ற நூலகம்

1349இல் நிலநடுக்கம் மடத்தை வீழ்த்தியது. ஆயினும் அதனினும் கொடிய அழிவு ஒன்று உண்டு. அக்காலத்தை ஒட்டிக் கதையாசிரியர் போக்காச்சியோ நூலகம் காண விரும்பி அங்குச் சென்றார் எனவும், மேலே ஏறிப் பாருங்கள் என்று ஒரு துறவி அலட்சியமாகப் படிக்கட்டைக் காட்டினார் எனவும், அவர் மாணாக்கரான பென்வெனுத்தோ பதிந்துள்ளார். நூலகத்திற்குக் கதவில்லை. சாளரத்தில் புல் முளைத்திருந்தது. ஏடுகள் மேல் புழுதி. சிலவற்றில் தாள்கள் கிழிக்கப்பட்டும், சிலவற்றில் ஓரங்கள் அறுக்கப்பட்டும் இருந்தன. கண்ணீரோடு கீழிறங்கிக் காரணம் கேட்டபொழுது, சில காசுகளுக்காகத் தோலைச் சுரண்டிச் சிறுவர்க்குச் செபநூலாகவும், ஓரங்களைப் பெண்டிர்க்குத் தாயத்தாகவும் துறவியர் விற்கின்றனர் என்று விடை கிடைத்ததாம். தாசிதுஸ் ஏடு பின்னர் ஃபிளாரன்ஸ் நகரை அடைந்தது. கொண்டு சென்றவர் போக்காச்சியோ என்று நெடுங்காலம் நம்பினர். சனோபி ட ஸ்திராடா என்பாரும் உளர்.

கதையில் மிகை இருக்கலாம். எனினும் அதைப் படித்தபொழுது நான் அதிர்ந்ததற்குக் காரணம் உண்டு. ஆய்வு மாணவியாய் இருந்த நாளில், ஒரு நூலகத்தில் பழைய பதிப்பொன்றைக் கேட்டுப் பெற்றேன். எனக்கு வேண்டிய இயல் மட்டும் பிளேடால் அறுத்தெடுக்கப்பட்டிருந்தது. எனக்கு முன் அதைப் படித்தவரும் என்போல் இலக்கியம் பயின்றவரே என்பதில் ஐயமில்லை. பகைவர் அழித்ததைப் பற்றி நாம் புலம்புவதுண்டு. நம்மவர் கையால் அழிந்ததற்குக் கணக்கே இல்லை.

1944

1866இல் இத்தாலிய அரசு மடங்களை ஒழித்துச் சட்டம் இயற்றியபொழுது, காசினோ தேசிய நினைவுச்சின்னமாயிற்று. துறவியர் அதன் காப்பாளராகத் தொடர்ந்தனர். இரண்டாம் உலகப்போரில், உரோமைக்குச் செல்லும் நெடுஞ்சாலையை அக்குன்று நோக்கியிருந்ததே அதற்குக் கேடாயிற்று. 1943 இறுதியில், ஜெர்மன் படையைச் சேர்ந்த ஷ்லேகல், பெக்கர் என்னும் அலுவலர் இருவரின் முயற்சியால், நூலகமும் ஆவணங்களும் சரக்குந்துகளில் உரோமைக்குக் கொண்டு செல்லப்பட்டன.

குன்றைத் தாக்கும் பொறுப்பை ஏற்ற நேசப்படைகளுள் நான்காம் இந்தியப் படைப்பிரிவும் ஒன்று. மடம் எவ்வளவு வலியது என்பதை அறிய அதன் தளபதி டக்கர், நேப்பிள்ஸ் புத்தகக்கடைகளில் தேடச் செய்தார். 1879இல் வெளிவந்த ஒரு நூல் சுவர்களின் தடிப்பைக் கூறியது. நூல்களைக் காத்த இல்லத்தின்மேல் குண்டு வீசவேண்டும் என்பதற்கு ஒரு நூலே சான்றானது. 1944 பிப்ரவரி 15 அன்று இருநூறுக்கும் மேற்பட்ட விமானங்கள் குண்டு பொழிந்தன. ஜெர்மன் வீரர் அப்பொழுது மடத்தினுள் இல்லை என்பதே பின்னாளைய ஆய்வுகளின் முடிவு. உள்ளே அடைக்கலம் புகுந்திருந்த ஊர்மக்கள் பலர் மாண்டனர். இடிந்த மடத்தில்தான் ஜெர்மன் படை பின்னர்ப் புகுந்து, மே 18 வரை எதிர்த்து நின்றது.

அப்போரில் தமிழ்நாட்டவரும் இருந்தனர். மதராஸ் சாப்பர்ஸ் படையைச் சேர்ந்த சுபேதார் சுப்ரமணியன், அதே பிப்ரவரித் திங்களில் காசினோவிற்குத் தெற்கே மிஞ்ஞானோ அருகே, வெடிக்கவிருந்த கண்ணிவெடியின்மேல் தம் உடலைக் கிடத்தித் தோழரைக் காத்து உயிர்நீத்தார். மறைந்தபின் அவருக்கு ஜார்ஜ் சிலுவை விருது வழங்கப்பட்டது. அக்குன்றின் வரலாற்றைத் தமிழில் எழுதும்பொழுது அவர் பெயரை விடுதல் ஆகாது.

குண்டு விழுந்த வேளையில் துறவியர் ஒரு சிற்றறையில் கூடி மன்றாட்டில் ஈடுபட்டிருந்தனர். எண்பதை நெருங்கிய மடத்தலைவர் தியாமாரே, இரு நாள் கழித்து, மரச்சிலுவையை ஏந்தி எஞ்சியோரை வெளியே நடத்திச் சென்றார். அழிவின் நடுவிலும் துறவியர் நாட்குறிப்பு எழுதினர். அதனாலேயே அந்நாள்களை நாம் அறிகிறோம். பெனடிக்ட், ஸ்கொலாஸ்திக்கா இருவர் கல்லறையும் இடிபாட்டினடியில் தப்பியது. மடம் முன்பு இருந்த இடத்தில் முன்பு இருந்தவாறே மீண்டும் கட்டப்பட்டது. 1964 அக்டோபர் 24 அன்று திருத்தந்தை ஆறாம் பவுல் பேராலயத்தைத் திருநிலைப்படுத்தினார். ஏடுகள் திரும்பின. வெட்டினும் தளிர்க்கும் என்னும் பொருளுடைய இலத்தீன் தொடரும், வெட்டுண்ட மரத்தின் உருவமும் இம்மடத்தின் இலச்சினை.

நமக்கு

இன்று அங்கு வாழும் துறவியர் சிலரே. ஆயினும் திருப்பாடல் ஒலி நின்றபாடில்லை. அவ்விதிநூலைப் பின்பற்றுவோர் உலகெங்கும் உளர். குளித்தலை அருகே காவிரிக் கரையில் அமைந்த சாந்திவனமும் அம்மரபில் இணைந்த ஒன்றே. தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு விடை இப்பொழுது எளிது. நிலைபெற்றது கட்டடம் அன்று. நாள்தோறும் செய்யும் சிறுசெயல். குறித்த பொழுதில் கூடுதல், உரக்கப் படித்தல், படியெடுத்தல், கேட்டவர்க்குக் கொடுத்தல். இவை நின்ற காலத்தில்தான் கதவற்ற நூலகத்தில் புல் முளைத்தது.

நம் வட்டத்தில் பத்தாண்டுகளாகப் படிக்கப்பட்ட கவிதைகள் எத்தனை! அவற்றுள் படி உள்ளவை எத்தனை? பல, படித்தவரின் சட்டைப்பையோடு சென்றுவிட்டன. இனி ஒவ்வொரு கூட்டத்திலும் படிக்கப்படும் கவிதைக்கு மூன்று படிகள் எடுத்து மூன்று இல்லங்களில் வைப்போம் என்று இவ்விழாவில் உறுதி கொள்வோமாக. ஒன்று எரியலாம், ஒன்று கறையான் தின்னலாம், மூன்றாவது இருக்கும். இம்மலரும் அத்தகைய ஒரு படியே. இதைக் கேட்போர்க்கெல்லாம் கொடுங்கள்.